டிஎம் நெஃப்ராலஜி முடிக்கப்போகிறேன்: டயாலிசிஸ் ட்ரையல்களை நம்பி இறங்கலாமா?

குமரிக்காரன்_டிஎம்

வணக்கம். டிஎம் நெஃப்ராலஜி (சிறுநீரக மருத்துவ மேற்படிப்பு) மூன்றாம் ஆண்டு. தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. இரண்டு வேலை பேச்சில் இருக்கின்றன.

ஒன்று, ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. பதினெட்டு டயாலிசிஸ் மெஷின், முதல் மாதத்திலிருந்தே நல்ல சம்பளம். என் மாமனார் எந்தக் கார் வாங்கலாம் என்று இப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். இன்னொன்று, இரண்டு வருட ஆராய்ச்சி ஃபெல்லோஷிப். டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து நடக்கும் ட்ரையல்களில் (சிகிச்சைகளைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளில்) வேலை. சம்பளம் முதல் வேலையில் மூன்றில் ஒரு பங்கு தேறாது.

தீசிஸ் செய்தபோது இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. நாற்பத்திரண்டு பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனால் தரவை உட்கார்ந்து பிரிக்கும்போது நேரம் போனதே தெரியவில்லை. எங்கள் சார் ஒருவரிடம் சொன்னேன். "டயாலிசிஸ்ல எந்த ட்ரையல்பா ஜெயிச்சிருக்கு? வேலையத்த வேலை" என்று முடித்துவிட்டார்.

உண்மையில் எல்லாமே தோல்விதானா? இதில் இருப்பவர்களின் ஒரு நாள் எப்படிப் போகும்? வீட்டை ஓட்ட முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓபி_டோக்கன்_77

முதலில் வீட்டுக் கடன், கல்விக் கடன் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லுங்கள், அப்புறம் மற்றதைப் பேசலாம். நான் பதினாறு வருடமாக பிராக்டீஸில் இருக்கிறேன், ஒரு நாள் வருத்தப்பட்டதில்லை. ஆராய்ச்சி பிடித்திருக்கிறது என்பதற்காக எல்லோரும் ஆராய்ச்சியாளர் ஆக வேண்டும் என்று இல்லை. எனக்குக் கிரிக்கெட்கூடப் பிடிக்கும்.

மூணாம்ஷிஃப்ட்

தம்பி, 77 அண்ணன் சொன்னதில் தப்பில்லை. கடனைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அது உன் வீட்டுக் கணக்கு, நீ போட்டுக்கொள். மற்ற இரண்டுக்கும் நான் சொல்கிறேன். என் புனைபெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

டிஎம் முடித்து, கனடாவில் இரண்டு வருடம் ட்ரையல் நடத்தும் முறைகளைப் படித்துவிட்டு ஊர் திரும்பிய புதிது. தலைக்கனம் கொஞ்சம் இருந்தது. இரண்டு மருத்துவமனைகளில் ஒரு சின்ன ஆய்வு தொடங்கினேன். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு தடவையும் கறாராக நான்கு மணி நேரம் டயாலிசிஸ். மற்ற குழுவுக்கு வழக்கம்போல. நேரம் கூடினால் ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். சீட்டுக் குலுக்குவதுபோல கம்ப்யூட்டரில் குலுக்கிப் பிரித்தாயிற்று, எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் வாங்கியாயிற்று. பதிவேட்டில் எல்லாம் அழகாக இருந்தது: 4.00, 4.00, 4.00. ஆறு மாதம் கழித்து எட்டிப்பார்த்தால் இரண்டு குழுவிலும் பாஸ்பரஸ் ஒரே மாதிரி. எனக்குப் புரியவில்லை.

ஒரு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மூன்றாம் ஷிஃப்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம் காலை ஆறு மணி ஷிஃப்ட்தான். ரவுண்ட்ஸ் நேரம் அது. டாக்டர்கள் வருவார்கள், எல்லாம் ஒழுங்காக நடக்கும். மூன்றாம் ஷிஃப்ட் நாலரைக்கு ஏற வேண்டும். இரண்டாம் ஷிஃப்டில் ஒருவருக்கு பிரஷர் இறங்கி இழுத்துக்கொண்டதால், ஏழாம் நம்பர் படுக்கைக்காரருக்கு ஊசி போடும்போது மணி 4.50. என் ஆய்வில் நான்கு மணி நேரக் குழுவில் இருப்பவர் அவர். 8.50-க்கு இறங்க வேண்டும்.

ஏழரையிலிருந்தே அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். 8.02-க்கு டெக்னீஷியன் எதுவும் பேசாமல் வந்து ரத்தத்தைத் திருப்பிவிட்டு ஊசியை எடுத்தார். பத்து நிமிடம் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்துவிட்டு, மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மனிதர் கிட்டத்தட்ட ஓடினார். மெஷின் திரையில் நின்றிருந்தது மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். டெக்னீஷியன் பதிவேட்டைத் திறந்து 4.00 என்று எழுதினார்.

சத்தம் போட்டுவிட்டேன். அந்தப் பையன் நிதானமாகச் சொன்னான்: "மேடம், எட்டு இருபதுக்குத்தான் அவங்க ஊருக்குக் கடைசி பஸ். அதை விட்டா டயாலிசிஸ் ஊசி குத்தின ஃபிஸ்டுலா கையோட பஸ் ஸ்டாண்டுலதான் படுக்கணும். மாசத்துக்கு எட்டு தடவை படுக்க முடியுமா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அடுத்த இரண்டு வாரம் எல்லா மெஷின்களின் பதிவையும் எடுத்துப் பார்த்தோம். வண்டி வைத்திருப்பவர்கள், டவுனுக்குள் இருப்பவர்கள்தான் நான்கு மணி நேரம் முடித்திருந்தார்கள், அதுவும் எந்தக் குழுவில் இருந்தாலும். என் இரண்டு குழுக்களைப் பிரித்தது கம்ப்யூட்டர் இல்லை, டவுன் பஸ். எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதிக்கொடுத்து ஆய்வை நிறுத்தினேன். எங்கும் அச்சாகவில்லை. அந்தப் பையன்மேல் புகார் கொடுக்கவும் இல்லை. நோயாளிகளைச் சேர்க்கும்போது "எப்படி வீட்டுக்குப் போவீர்கள்?" என்று கேட்காதது நான்தானே.

பல வருடம் கழித்து, 2019-ல் அமெரிக்காவின் டைம் ட்ரையல் முடிவு வெளிவந்தது. 266 டயாலிசிஸ் யூனிட், ஏழாயிரத்துக்கு மேல் நோயாளிகள், அரசாங்கப் பணம். புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களுக்கு ஒரு பக்க யூனிட்களில் நாலே கால் மணி நேரம், மறுபக்கம் வழக்கம்போல. நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். ஏன் தெரியுமா? முக்கியக் கணக்கில் எடுத்த நோயாளிகளிடம் சராசரி நேரம் ஒரு பக்கம் 216 நிமிடம், மறுபக்கம் 207. ஒன்பது நிமிட வித்தியாசத்தை வைத்துக்கொண்டு யார் அதிக நாள் வாழ்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த ஐடியல் ட்ரையலிலும் (2010) இதே வம்புதான். டயாலிசிஸைச் சீக்கிரம் தொடங்குவதா, தாமதமாகவா என்பது கேள்வி. 828 பேர். "தாமதம்" குழுவில் முக்கால்வாசிப் பேர், குறித்துவைத்த அளவுக்குச் சிறுநீரகம் இறங்கும் முன்னாலேயே தொந்தரவு தாங்காமல் தொடங்கிவிட்டார்கள். ஆனாலும் இரு குழுவுக்கும் நடுவே ஐந்தாறு மாத இடைவெளி இருந்தது, இறப்பில் வித்தியாசம் இல்லை. அதனால் இன்று நான் ரத்தப் பரிசோதனையில் வரும் க்ரியாட்டினின் எண்ணை (சிறுநீரகம் எவ்வளவு இறங்கியது என்று காட்டுவது) பார்த்து மட்டும் யாரையும் மெஷினில் ஏற்றுவதில்லை. சாப்பிட முடிகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்க்கிறேன். எத்தனை குடும்பங்களுக்கு இதனால் சில மாதச் செலவு மிச்சம் என்று யோசித்துப் பார். உங்கள் சார் இதைத் தோல்விக் கணக்கில் சேர்ப்பார்.

அவருடைய "எது ஜெயித்தது" கேள்விக்கு வருகிறேன். நான் எம்டி படித்த காலத்தில் ரத்தம் ஊறவைக்கும் எரித்ரோபொயட்டின் ஊசியை எல்லோரும் கும்பிட்டார்கள். காரணம் இருந்தது. அதற்கு முன்னால் டயாலிசிஸ் நோயாளி என்றால் மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும், நகம் காகிதம்போல வெளுத்திருக்கும். ஊசி வந்ததும் மனிதர்கள் எழுந்து நடந்தார்கள். அப்படியானால் ஹீமோகுளோபினை நல்ல மனிதனுக்கு இருப்பதுபோலவே ஏற்றிவிட்டால் இதயமும் பிழைக்குமே என்று தோன்றாதா? அதிக ஹீமோகுளோபின் உள்ளவர்கள் அதிக நாள் வாழ்ந்ததாக நோயாளிப் பதிவேடுகளும் சொல்லின.

1998-ல் அமெரிக்காவில் இதயநோயும் உள்ள 1,233 டயாலிசிஸ் நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்த முடிவு வந்தது. ஹெமட்டோக்ரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 42-க்கு ஏற்றிய குழுவில் 183 இறப்பு. 30-லேயே வைத்த குழுவில் 150. பாதியில் நிறுத்தினார்கள். அப்போதும் பலர் நம்பவில்லை. டயாலிசிஸுக்கு வராத சர்க்கரை நோயாளிகளிடம் இன்னொரு ட்ரையல், ட்ரீட் என்று பெயர், 4,038 பேர். 2009-ல் முடிவு: ஊசி போட்ட குழுவில் 101 பேருக்குப் பக்கவாதம், போடாத குழுவில் 53. நான் கைப்பட எழுதிய சீட்டுகள் எத்தனை என்று அன்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன். ஹீமோகுளோபின் பதிமூன்று வேண்டும், பதினாலு வேண்டும் என்று எழுதிக்கொடுத்தவள்தானே நானும்.

உடம்பு தெம்பாக இருப்பவருக்கு ஹீமோகுளோபின் தானாகவே நன்றாக ஏறும். அவர் அதிக நாள் வாழ்வதும் அந்தத் தெம்பால்தான். பதிவேட்டில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை, குலுக்கிப்போட்டுப் பார்த்தால்தான் உண்டு. டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்த ட்ரையல்களிலும், ஜெர்மனியின் 4டி, அப்புறம் அரோரா, எதிர்பார்த்த பலன் வரவில்லை. டயாலிசிஸ் அளவைக் கூட்டிப் பார்த்த ஹீமோ ட்ரையலிலும் (2002, 1,846 பேர்) ஆயுள் கூடவில்லை.

ஜெயித்தவையும் உண்டு. பிரிட்டனின் பிவோட்டல், 2019: 2,141 பேர். இரும்புச்சத்து ஊசியை அளவு குறைந்தபிறகு கொடுக்காமல் மாதம் 400 மில்லிகிராம் முன்கூட்டியே கொடுத்ததில் மாரடைப்பு, இறப்பு கூடவில்லை, கொஞ்சம் குறைந்தே இருந்தது. எரித்ரோபொயட்டின் தேவையும் குறைந்தது. விலை குறைந்த மருந்து, நம் ஊரில் நாளைக்கே செய்யலாம். ஐரோப்பாவின் கன்வின்ஸ், 2023: 1,360 பேர், ஹீமோடயாஃபில்ட்ரேஷன் (டயாலிசிஸோடு நிறைய மாற்று திரவமும் செலுத்திச் சுத்தம் செய்யும் முறை) செய்தவர்களில் 17.3 சதவீதம் இறப்பு, சாதாரண முறையில் 21.9.

டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் இப்போது நல்ல காலம். 2001-ல் லோசார்டான், இர்பெசார்டான் என்ற பிரஷர் மருந்துகளின் ட்ரையல்கள் வந்தபிறகு கிட்டத்தட்ட இருபது வருடம் வறட்சி. 2019, 2020-ல் கானாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்துகளின் ட்ரையல்கள் வந்து நிலைமையை மாற்றின. எல்லோரும் அந்தப் பக்கம் ஓடுகிறார்கள், நீயும் ஓடலாம், தப்பில்லை. ஆனால் அந்த ட்ரையல்கள் எதிலும் டயாலிசிஸ் நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை என்பதைக் கவனி. ஏழாம் நம்பர் படுக்கைக்காரரைப் பற்றி யோசிக்க ஆள் குறைவு.

நாள் எப்படிப் போகும் என்றால், பாதி நாள் காகிதம். டயாலிசிஸ் நோயாளி அடிக்கடி அட்மிட் ஆவார். ட்ரையலில் இருந்தால் ஒவ்வொரு அட்மிஷனும் கடுமையான பாதகநிகழ்வு, 24 மணி நேரத்துக்குள் அறிக்கை போக வேண்டும். தீபாவளி அன்று காலை எண்ணெய்த் தலையோடு அறிக்கை தட்டியிருக்கிறேன். 2013-க்குப் பிறகு கொஞ்ச காலம் ஒப்புதல் வாங்குவதை எல்லோருக்கும் வீடியோ எடுக்க வேண்டியிருந்தது. கேமராவைப் பார்த்ததும் ஒரு பாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டு "எந்த டிவில வரும்?" என்று கேட்டார்.

பணம்: வாரம் மூன்று நாள் ஓபி பார்க்கிறேன், வீடு அதில்தான் ஓடுகிறது. கார் உண்டு, பழசு.

கடைசியாக ஒன்று. நான் மேலே சொன்ன பெரிய டயாலிசிஸ் ட்ரையல்களில் மெஷினில் ஏறும் நோயாளிகள் அநேகமாக வாரம் மூன்று தடவை வருபவர்கள். நம் ஊரில் பெரும்பாலும் இரண்டு. வேறு வழியில்லாமல் இரண்டு. யாருக்கு இரண்டு போதும், யாருக்குப் போதாது என்பதை நம்மைவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள்? ஃபெல்லோஷிப்காரர்களிடம் இதைக் கேள். அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடு.

ஆர்ஓ_வாட்டர்

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன், பன்னிரண்டு வருடம். மேடம் சொன்ன பையன் நான் இல்லை. ஆனால் நானும் 4.00 எழுதியிருக்கிறேன்.

ட்ரையல் செய்ய வருகிற டாக்டர்கள் எங்களிடம் ஃபார்ம் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் ஒருவருக்கு ஊசி இடம் கசியும், ஒருவருக்குக் கால் இழுக்கும், ஒரு மெஷின் கத்திக்கொண்டிருக்கும். ஃபார்மை ஷிஃப்ட் முடிந்துதான் நிரப்புவோம், ஞாபகத்தில் இருந்து. சரியான எண் வேண்டுமென்றால் ஊசியை எடுக்கும் முன் திரையை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஓடிய நேரமும், எத்தனை லிட்டர் ரத்தம் சுற்றியது என்பதும் அதிலேயே இருக்கும். எங்களுக்கும் பொய் எழுத வேண்டாம்.

அப்புறம் அந்த ஐரோப்பா ஹீமோடயாஃபில்ட்ரேஷன் சமாச்சாரம். அதில் ஒரு தடவைக்கு இருபது லிட்டர் போல மாற்று திரவம் நோயாளியின் ரத்தத்துக்குள் நேராகப் போகிறது. அந்தத் திரவம் யூனிட்டின் தண்ணீரில்தான் தயாராகும். எங்கள் யூனிட்டில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெம்ப்ரேன் மாற்றச் சொல்லி நான் மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். தண்ணீரைச் சரிசெய்தபிறகு ட்ரையலைப் பேசுவோம்.

செவ்வாய்_வெள்ளி

என் மகள் இந்தப் பக்கத்தைக் காட்டினாள். நான் டாக்டர் இல்லை, ஓய்வுபெற்ற தபால்காரன். பதினொரு வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்.

எனக்கும் ஒரு ட்ரையலில் கையெழுத்து வாங்கினார்கள். பதினான்கு மாதம் தினமும் ஒரு மாத்திரை. நிஜ மருந்தா, வெறும் மாத்திரையா என்று யாருக்கும் தெரியாது என்றார்கள். காலி அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒன்றுகூடத் தவறவிடவில்லை. ஒரு நாள் கோஆர்டினேட்டர் பெண் வந்து "இனிமேல் வேண்டாம் தாத்தா, முடிஞ்சிருச்சு" என்று டப்பாவை வாங்கிக்கொண்டு போனாள். அவ்வளவுதான். நான் எதைச் சாப்பிட்டேன், அது நல்லதா கெட்டதா, இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. நாற்பது வருடம் கடிதம் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம்.

இன்னொன்று. என்னை யாராவது கேட்டால் நான் சொல்வது அசதி. மெஷினிலிருந்து இறங்கிய அன்று ராத்திரியும் மறுநாள் மத்தியானம் வரையும் நான் ஆளே இல்லை. பேத்தி பள்ளிக்கூடக் கதை சொல்வாள், காதில் விழும், பதில் சொல்ல வாய் வராது. அதற்கு ஏதாவது கண்டுபிடியுங்கள், தம்பி.

மூணாம்ஷிஃப்ட்

ஐயா, உங்களுக்குக் கார்டு போடாதது தப்புதான், எங்கள் எல்லோருடைய தப்பு. நானும் என் நிறுத்திய ஆய்வின் நோயாளிகளுக்கு ஒரு வரி எழுதியதில்லை. உங்கள் பதிவைப் படித்தபிறகுதான் உறைத்தது.

இந்தியாவில் 2009 ஜூனிலிருந்து ட்ரையல்களைச் சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. ஒப்புதல் வாங்கும்போது உங்களுக்கு ஒரு தகவல் தாள் கொடுத்திருப்பார்கள். அதில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முடிவு எங்காவது வெளிவந்திருக்கிறதா என்று தேடிச் சொல்கிறேன்.

அசதி பற்றி: நோயாளிகளையும் குடும்பத்தாரையும் டாக்டர்களையும் பல நாடுகளில் கேட்டு, ஹீமோடயாலிசிஸ் ட்ரையல்களில் கட்டாயம் அளக்க வேண்டியவை என்று நான்கைத் தேர்ந்தெடுத்தார்கள். சாங் என்று அந்த முயற்சிக்குப் பெயர். இதயநோய், ஃபிஸ்டுலா போன்ற ரத்தக்குழாய் வழி, இறப்பு, இவற்றோடு அசதியும் அதில் இருக்கிறது. அதற்கு முன்னால் நாங்கள் பாஸ்பரஸையே அளந்துகொண்டிருந்தோம்.

குமரிக்காரன்_டிஎம்

எல்லோருக்கும் நன்றி. கடன் பதினோரு லட்சம், 77 அண்ணா. மனைவியும் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடம் சமாளிக்கலாம் என்கிறாள், மாமனாரிடம் அவளே பேசுகிறாளாம்.

ஃபெல்லோஷிப் ஆட்களிடம் போனில் கேட்டேன். "வாரம் இரண்டு தடவை" என்றதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் "நேரில் வாங்க, பேசலாம்" என்றார்கள். திங்கட்கிழமை போகிறேன். அங்கே மூன்றாம் ஷிஃப்ட் எத்தனை மணிக்கு இறங்குகிறது, பஸ் ஸ்டாண்ட் எவ்வளவு தூரம் என்றும் பார்த்துவிட்டு வருகிறேன், மேடம்.

செவ்வாய்_வெள்ளி

டாக்டரம்மா, தாள் கிடைத்துவிட்டது. எல்ஐசி பத்திரத்தோடு சேர்த்து வைத்திருந்தேன். எண் இருக்கிறது, ஆனால் மடிப்பில் கடைசி மூன்று இலக்கம் அழிந்துவிட்டது. மகள் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒன்று 8 மாதிரி இருக்கிறது, இல்லாவிட்டால் 3.

மூணாம்ஷிஃப்ட்

இரண்டையும் அனுப்புங்கள் ஐயா, தனிச்செய்தியில். ஆய்வின் தலைப்பையும் சேர்த்து அனுப்பினால் போதும், பிடித்துவிடலாம்.